பள்ளி நாட்களும் ஊர்ப் பயணமும்



பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும் நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாமா, கூடாதா? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். ஊர் என்றால் சிலருக்குத் தமிழ்நாடு; சிலருக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மாமன் வீடு; சிலருக்கு வேறு மாநிலத்தில் இருக்கும் தாத்தா பாட்டி வீடு. எந்த ஊராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் வாழும் நம் இனத்தவரின் அனுபவத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு விடை தேடுவோம். நம் மலேசியத் தோட்டங்களிலிருந்து சென்று அங்கே வேலை பார்ப்பவர்கள் பலர். அங்கே நடப்பது இங்கேயும் நடக்கிறது.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையையும் தேக்கா சந்தையையும் சுற்றியுள்ள பகுதியைக் குட்டி இந்தியா என்று சொல்கிறோம். பூக்கடை, நகைக்கடை, மளிகைக் கடைகளுக்கு நடுவே அங்கே பயண முகவர்களின் கடைகளும் உண்டு. திருச்சிக்கும் சென்னைக்கும் விமானச் சீட்டு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மாதத்தில் மலிவாகக் கிடைக்கும்?" என்பதுதான். விமானக் கட்டணம் அரிசி விலையைப் போல நிலையாக நிற்பதில்லை. கூட்டம் அதிகமானால் ஏறும். கூட்டம் குறைந்தால் இறங்கும். பள்ளி விடுமுறையில் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் புறப்படுவதால் கட்டணம் ஏறுகிறது. பள்ளி திறந்தவுடன் இறங்குகிறது. ஆகவே, விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னதாகவே புறப்பட்டால் என்ன, விடுமுறை முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் என்ன, அல்லது கூட்டமே இல்லாத பிப்ரவரியில் போய் வந்தால் என்ன என்ற எண்ணம் பெற்றோருக்கு எழுவது இயற்கை.

இந்த எண்ணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீட்டில் 200 வெள்ளி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 800 வெள்ளி மிச்சம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வருமானம் குறைவு என்று வாழ்கிற குடும்பத்துக்கு 800 வெள்ளி சின்னத் தொகை அல்ல. இதை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். பணத்தின் அருமை தெரியாமல் யாரும் பேசக்கூடாது.

பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நாட்காட்டியும் ஒரு காரணம். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதியில் முடிகிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. தமிழ்நாட்டிலோ பள்ளி ஜூன் மாதத்தில் திறந்து ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வோடு முடிகிறது. அங்கே பிள்ளைகள் ஆடிப்பாடித் திரியும் மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு ஜூனில் விடுமுறை கிடைக்கும்போது, கிராமத்து அத்தை பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று, நம்முடைய முகூர்த்த மாதங்கள். சிங்கப்பூரின் நீண்ட விடுமுறை கார்த்திகையிலும் மார்கழியிலும் விழுகிறது. மார்கழியில் நம்மவர் கல்யாணம் வைப்பதில்லை. தை பிறந்தால்தான் பந்தக்கால் ஊன்றுவார்கள். தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15. அப்போது சிங்கப்பூரில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நம் நாட்டிலும் 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியிலேயே தொடங்குகிறது. பொங்கலும் தை மாதக் கல்யாணங்களும் புதிய வகுப்பின் முதல் பாடங்களோடு மோதிக்கொள்கின்றன. அழைப்பிதழ் வந்தவுடன், "தாய்மாமன் போகாமல் எப்படி?" என்ற கேள்வி எழுகிறது. போகத்தான் வேண்டும். ஆனால் யார் போவது, எத்தனை நாள் போவது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எத்தனை நாள் என்று ஏன் கேட்கிறோம் என்றால், நீண்ட நாள் தங்குவது நம்மிடையே ஒரு பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு அந்தக் காலத்தில் தக்க காரணம் இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ரஜுலா கப்பலைப் பற்றிச் சொல்வார்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களை இணைத்து 1973 வரை ஓடியது. அதற்குப் பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985-ஆம் ஆண்டில் அது தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தப் பயணமும் நின்றது. கப்பலில் போய்ச் சேரவே பல நாட்கள். திரும்பி வரப் பல நாட்கள். அவ்வளவு சிரமப்பட்டுப் போனவர்கள் இரண்டு மூன்று மாதம் தங்கித்தான் வருவார்கள். கூடவே போன பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். அந்தப் பிள்ளையைத் திரும்பவும் அதே வகுப்பில் உட்கார வைப்பார்கள். அல்லது படிப்பு போதும் என்று நிறுத்திவிடுவார்கள்.

இன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கலாம். கப்பல் போய்விட்டது. ஆனால் "போனால் ஒரு மாதமாவது இருந்துவிட்டு வரவேண்டும்" என்ற கப்பல் காலத்து எண்ணம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, சனிக்கிழமை தாலி கட்டுவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிவிடக்கூடிய காலம் இது. இதை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2003 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆறு வயதைக் கடந்து பதினைந்து வயதை எட்டாத பிள்ளை தேசியத் தொடக்கப்பள்ளியில் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முறையான விலக்கு இல்லாமல் பிள்ளையை அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நம் மலேசியாவிலும் தொடக்கக் கல்வி கட்டாயமானது அதே 2003-ஆம் ஆண்டில்தான். இங்கும் பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இரண்டு வாரம் ஊருக்குப் போனால் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சட்டங்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருப்பதைத் தடுக்க வந்தவை. ஆனால் ஒழுங்காக வருவது என்றால் என்ன என்ற கேள்வி வேறொரு நாட்டில் பெரிய வழக்காகவே நடந்தது. இங்கிலாந்தில் ஒரு தந்தை 2015 ஏப்ரலில், பள்ளி நடக்கும் நாட்களில், தம் மகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு விடுமுறைக்கு அழைத்துச் சென்றார். பள்ளி அனுமதி தரவில்லை. அவருக்கு 60 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அவர் கட்டாததால் அது 120 பவுண்டு ஆனது. "என் மகள் நூற்றுக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல் பள்ளிக்குப் போயிருக்கிறாள். இது ஒழுங்காக வருவது ஆகாதா?" என்று அவர் வாதாடினார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் சாய்ந்தன. ஆனால் 2017 ஏப்ரல் 6-ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஒழுங்காக வருவது என்றால் பெரும்பாலும் வருவது அல்ல. பள்ளியின் விதிப்படி வருவது என்று அது பொருள் கூறியது. ஜெர்மனியில் 2018 மே மாதம், விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளோடு புறப்பட்ட குடும்பங்களை மெம்மிங்கன் விமான நிலையத்தில் காவல்துறையினர் விசாரித்தது பெரிய செய்தியாயிற்று.

ஆக, மலிவான சீட்டுக்காகப் பள்ளி நாளை விட்டுக்கொடுப்பது நம்மவர் மட்டும் செய்கிற காரியம் அல்ல. உலகம் முழுவதும் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

"ஐயா, இரண்டே வாரந்தானே!" என்று பெற்றோர் கேட்பது உண்டு. இரண்டு வாரம் என்றால் பத்துப் பள்ளி நாட்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பள்ளி நாட்கள் என்று கொண்டால் அது நூற்றில் ஐந்து பங்கு. சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் போனால், தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 60 நாட்கள். அதாவது 12 வாரம். சிங்கப்பூர்ப் பள்ளியில் ஒரு தவணை பத்து வாரம். ஒரு முழுத் தவணைக்கும் மேலாகப் பிள்ளை பள்ளிப் பக்கமே போகவில்லை என்று ஆகிறது. மாதத்துக்கு ஒரு நாள் காய்ச்சல், பல்வலி என்று போவதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

நாட்கணக்கை மட்டும் வைத்தும் இதை அளக்க முடியாது. பாடம் என்பது படிக்கட்டைப் போன்றது. ஓர் உதாரணம் பாருங்கள். கணக்குப் பாடத்தில் பின்னம் சொல்லிக்கொடுக்கிறோம். திங்கட்கிழமை ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டி ஒரு துண்டு எடுப்பதும், அதே ரொட்டியை நான்காக வெட்டி இரண்டு துண்டு எடுப்பதும் ஒன்றுதான் என்று காட்டுகிறோம். அரை என்பது இரண்டு கால். அவ்வளவுதான் அன்றைய பாடம். புதன்கிழமை அரையையும் காலையும் கூட்டச் சொல்லுகிறோம். திங்கட்கிழமை வந்திருந்த பிள்ளை அரையை இரண்டு காலாக மாற்றி, மூன்று கால், அதாவது முக்கால் என்று விடை எழுதும். திங்கட்கிழமை வராத பிள்ளை, மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்றும், கீழே இருக்கும் இரண்டையும் நான்கையும் கூட்டி ஆறு என்றும் எழுதும். ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு. அது அரையைவிடக் குறைவு! அரை ரொட்டியோடு கால் ரொட்டி சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா? அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு இல்லை. ஒரு படி காணாமல் போயிருக்கிறது. அந்தப் படியை யாராவது கட்டிக் கொடுக்காவிட்டால், அடுத்து வரும் தசமமும் விழுக்காடும் அதன் தலையில் சரிந்து விழும்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. "இப்போதுதான் தேர்வு இல்லையே, போய் வந்தால் என்ன?" என்கிறார்கள். நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆகிய எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023-ஆம் ஆண்டுக்குள் நீக்கப்பட்டன. இதனால் பள்ளி நாளின் மதிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பு ஒரு பெரிய தேர்வை வைத்துப் பிள்ளையை மதிப்பிட்டார்கள். இப்போது வகுப்பில் அன்றாடம் பிள்ளை எப்படி வாசிக்கிறது, எப்படிப் பேசுகிறது, எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைப் பார்த்து ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். வகுப்பில் இல்லாத பிள்ளையைப் பற்றி எதைக் குறிப்பது?

இனி நாம் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் மையம். ஒரே இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு நஷ்டம் அல்ல.

வசதியுள்ள ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இரண்டு வாரம் வகுப்பைத் தவறவிட்டால், மாலையில் துணைப்பாட ஆசிரியர் வருகிறார். தாயோ தந்தையோ ஆங்கிலத்தில் பாடத்தைப் படித்து விளக்குகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை வகுப்போடு சேர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வசதி இல்லாத பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இந்திய மாணவர்களைப் படிப்பில் கைதூக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு 1991-ஆம் ஆண்டில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் சிறு தொகை அதற்குப் போய்ச் சேருகிறது. குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை அது நடத்துகிறது. பின்தங்கிய பிள்ளை ஏறி வர அங்கே ஏணி ஒன்று சாத்தி வைத்திருக்கிறார்கள்.

நம் தோட்டத்துப் பிள்ளையின் நிலை என்ன? பொழுது விடியுமுன் தாயும் தகப்பனும் வெட்டுக்குப் போய்விடுகிறார்கள்; அல்லது செம்பனைக் காட்டுக்குப் போகிறார்கள். மாலையில் களைத்துப்போய்த் திரும்புகிறவர்கள், அரையும் காலும் முக்கால் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க முடியுமா? மனம் இருந்தாலும் உடம்பு கேட்காது. துணைப்பாட வகுப்புக்குப் பட்டணம் போகவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் ஏணி. அந்த ஏணியில் இரண்டு வாரம் ஏறாமல் விட்டால், தூக்கிவிட வேறு கை இல்லை.

நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கையும் குறைவு. சில இடங்களில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் வகுப்பில் கால் பங்கு காலி. ஆசிரியர் பாடத்தை நடத்தினால் போன பிள்ளைகள் பின்தங்குவார்கள். நிறுத்தி வைத்தால் வந்த பிள்ளைகள் பின்தங்குவார்கள். உங்கள் வீட்டுப் பயணத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையும் விலை கொடுக்கிறது.

இந்தப் பள்ளிகள் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. சட்டம் சொன்னாலும், கட்டடம் எழுந்தாலும், பிள்ளையை அனுப்பியது யார்? கட்டிப்பால் பொறுக்கப் போனால் நாலு காசு வருமே என்ற காலத்திலும், "நீ படி" என்று சிலேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிய தாய்மார்கள்தான். அவர்கள் அன்றைய கூலியை விட்டுக்கொடுத்துப் பள்ளி நாளைக் காப்பாற்றினார்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

அப்படியானால் பயணமே வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. பாட்டியின் மடியில் படுத்துக் கதை கேட்ட பிள்ளைக்குத் தமிழ் தானாக வரும். கிணற்றையும் ஏரியையும் நெல் வயலையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பாடநூலில் வரும் சொற்கள் உயிரோடு விளங்கும். வீட்டில் ஆங்கிலமே பேசும் சிங்கப்பூர்ப் பிள்ளை, ஒரு மாதம் கிராமத்தில் இருந்துவிட்டு வந்தபின் தயக்கமில்லாமல் தமிழ் பேசுவது உண்டு. பயணமும் ஒரு பள்ளிதான். ஒரு பள்ளியை மூடித்தான் இன்னொரு பள்ளியைத் திறக்க வேண்டும் என்பது இல்லை.

தவிர்க்க முடியாத பயணங்களும் உண்டு. தாத்தா கண் மூடும் நிலையில் இருக்கிறார் என்று செய்தி வந்தால் பள்ளி நாளா, விடுமுறையா என்று பார்க்க வேண்டாம். உடனே கிளம்புங்கள். தலைமையாசிரியருக்கு ஒரு வார்த்தை தொலைபேசியில் சொன்னால் போதும். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். துக்கத்துக்குப் போவது வேறு. துணிக்கடைக்குப் போவது வேறு. இந்த வேறுபாடு நமக்குத் தெரிந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயணம் போய் வந்தபின், "டீச்சர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. இரண்டு வாரப் பாடம் போனால் கஷ்டப்பட்டு மீட்டுவிடலாம். பெற்ற தாயே பொய் சொல்லச் சொன்னாள் என்பதைப் பிள்ளை மறக்காது. நாளைக்கு அதே பிள்ளை உங்களிடமும் காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் நிற்கும். அப்போது நீங்கள் எதைச் சொல்லிக் கண்டிப்பீர்கள்? பிள்ளைக்கும் அது பெரிய சுமை. அது விமானத்தில் பறந்திருக்கிறது, யானையைப் பார்த்திருக்கிறது, கரும்பு கடித்திருக்கிறது. வகுப்பில் எல்லாரிடமும் சொல்லத் துடிக்கிறது. ஆனால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பயணத்தைப் பற்றியே நாங்கள் ஒரு கட்டுரை எழுதச் சொல்வோம்.

இனி, என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி விடுமுறை அட்டவணையை வாங்கி, தமிழ் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வைகாசி மாதம் மே நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை போகிறது. அது நல்ல முகூர்த்த மாதம். சிங்கப்பூரின் ஜூன் விடுமுறை வைகாசியின் பிற்பகுதியில் தொடங்கி ஆனி வரை நீடிக்கிறது. உங்கள் குடும்பத்துக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது, "பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லுங்கள். சோதிடரிடம் போகுமுன் இந்தத் தாளும் சம்பந்தியின் கையில் இருக்கட்டும். கேட்டால்தானே கிடைக்கும்?

இரண்டாவது, சீட்டை விடுமுறைக்குள்ளேயே வாங்க முயலுங்கள். ஆனால் முன்கூட்டியே வாங்குங்கள். விடுமுறை முழுவதும் கட்டணம் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லாரும் புறப்படும் முதல் சனிக்கிழமையைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில் கிளம்பினால் குறையலாம். ஆண்டிறுதியில் கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். சிங்கப்பூரில் நவம்பர் நடுப்பகுதியிலேயே விடுமுறை தொடங்கிவிடுவதால், அப்போதே போய் வரலாம்.

மூன்றாவது, பள்ளி நாளில் போயே ஆக வேண்டும் என்றால், தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். சிங்கப்பூரிலும் இதே முறைதான். காரணம் சொல்லாமல் வராதிருப்பது அங்கும் பதிவேட்டில் குறையாகவே எழுதப்படும். எழுதத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பள்ளிக்கு வந்து வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

நான்காவது, போகும்போது வகுப்பாசிரியரைக் கேட்டு, அந்த நாட்களில் நடக்கப்போகும் பாடங்களின் பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். காலையில் அரை மணி நேரம் போதும். ஊரில் படித்த அண்ணன், அக்காள் யாராவது இருந்தால் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மாலையில், அன்று பார்த்ததைப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பாகவே வீடு திரும்புங்கள். நள்ளிரவில் விமானம் இறங்கி, மறுநாள் காலையில் தூங்கி வழியும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் பயன் இல்லை. திரும்பிய முதல் நாளிலேயே ஆசிரியரைப் பார்த்து, எது விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். முதல் வாரத்தில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பக்கம் வெறுமையாக இருக்கிறதா, எழுத்து நிறைந்திருக்கிறதா என்று தெரியும். வெறுமையாக இருந்தால் பிள்ளைக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அடிக்க வேண்டாம், எங்களிடம் அனுப்புங்கள்.

ஆறாவது, தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் பி.எஸ்.எல்.இ. எனப்படும் இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நடக்கின்றன. வாய்மொழித் தேர்வு ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறது. அதனால் அங்கே பல குடும்பங்கள் அந்த ஆண்டு முழுவதும் ஊர்ப் பயணத்தைத் தள்ளிவைக்கின்றன. நம் நாட்டில் ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை தமிழ் வகுப்பிலிருந்து மலாய் வகுப்புக்கு மாறுகிறது. அந்தக் கடைசி ஆண்டில் ஒவ்வொரு நாளும் அதற்குத் தேவை. கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் போய்விட்டு, பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டுச் செல்லலாம்.

ஜொகூரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போக இப்போது வழி எளிதாகிவிட்டது. 2014 முதல் 2024 முடிய நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது மீண்டும் சனியும் ஞாயிறுமாக ஆகிவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாட்களில் விடுமுறை. பாலத்தில் கூட்டம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பள்ளி நாளைக்கூட விடாமல் மாமன் வீட்டுக்குப் போய் வரலாம். போகிறபோது தேக்காவில் சாமான் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கேம்பல் லேனில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. நம் முன்னோர் எப்படி இந்தப் பக்கம் வந்தார்கள், என்னென்ன வேலை செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். தமிழில் இவ்வளவு புத்தகங்களா என்று பிள்ளை ஒரு நிமிடம் வியந்து நின்றால், அந்தப் பயணம் வீண்போகவில்லை.

பெற்றோர்களே, சீட்டில் மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொள்ளலாம். விட்டுப்போன பாடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது ஆறு மாதம் கழித்து, பிள்ளை காரணமில்லாமல் வயிற்றுவலி என்று சொல்லும்போது தெரிகிறது; வகுப்பில் கை தூக்காமல் கடைசி வரிசைக்கு நகரும்போது தெரிகிறது. அப்போது அதை வாங்க எந்தக் கடையிலும் சீட்டு இல்லை. ஊருக்குப் போங்கள், உறவைப் பேணுங்கள், நல்லது கெட்டதுக்கு நில்லுங்கள். ஆனால் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது சீட்டின் விலையை முதலில் பார்க்காமல், பிள்ளையின் பள்ளி அட்டவணையை முதலில் பாருங்கள். அடுத்த விடுமுறை எப்போது என்று இன்று மாலையே உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். அதற்குத் தெரியும், சரியாகச் சொல்லும்.